தொட்டறியும் கடல்வரலாறு: ‘ட்ரிங்கோமலி’ போர்க்கப்பலும் பள்ளிக் களப்பயணங்களும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் நகரில் அருங்காட்சியகமாக மிதந்துகொண்டிருக்கும் ‘ட்ரிங்கோமலி’ என்னும் பாய்மரப் போர்க்கப்பல், 1817ஆம் ஆண்டு பம்பாயில் மலபார்த் தேக்கினால் கட்டப்பெற்றது. திருக்கோணமலையின் பெயரைத் தாங்கிய இக்கப்பல் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இளையோர்க்கும் புதியோர்க்கும் பயிற்சியளிக்கும் தளமாகவே கழித்தது. கடல்வரலாற்று அருங்காட்சியகங்களுக்குப் பள்ளி மாணவர் மேற்கொள்ளும் செயல்வழிக் களப்பயணங்களை இக்கப்பலின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது. மாணவரின் கைக்கு எந்த வேலை தரப்படுகிறதோ, அந்த வேலையைச் செய்தோரின் வரலாறே அவருக்குக் கற்பிக்கப்படுகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கடல்வரலாறு, அருங்காட்சியகக் கல்வி, களப்பயணம், பயிற்சிக் கப்பல், மலபார்த் தேக்கு, பம்பாய்க் கப்பல் கட்டுந்துறை.

முன்னுரை

பள்ளி மாணவரை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே புதியதன்று. வரிசையில் நின்று, கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதைப் பார்த்து, பெயர்ப்பலகையைக் குறிப்பேட்டில் படியெடுத்துத் திரும்புவதே அதன் பொதுவடிவம். இக்கட்டுரையாளர் ஏழாம் வகுப்பில் சென்ற அத்தகைய பயணமொன்றில் இன்றும் நினைவில் எஞ்சியிருப்பவை இரண்டே: ‘தொடாதீர்கள்’ என்ற பலகை, காவலர் பாராத நேரத்தில் தொட்டுப்பார்த்த ஒரு கல்நங்கூரத்தின் குளிர்ச்சி.

மேலை நாடுகளின் கடல்வரலாற்று அருங்காட்சியகங்கள் பல அந்தப் பலகையைக் கழற்றிவிட்டன. பாய்க்கயிற்றை இழுத்தல், முடிச்சிடுதல், கான்வாஸ் தூளியைக் கட்டி அதில் படுத்துப் பார்த்தல், மாதிரிப் பீரங்கியைச் சுற்றி நின்று அதனை இயக்கும் முறையைப் பழகுதல் முதலான செயல்கள் பள்ளிக் களப்பயணத்தின் பகுதியாயின. தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் வழங்கும் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற தொடரையே இங்கும் பயன்படுத்தலாம். எனினும் செயல் என்ற சொல் தன்னளவில் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. எல்லா அனுபவமும் ஒரே அளவில் கல்வியாகிவிடாது என்று ஜான் டூயி தம் ‘அனுபவமும் கல்வியும்’ நூலில் 1938ஆம் ஆண்டே வாதிட்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில், கைத்தொழில் என்பது பொருளொன்றை உண்மையாகவே ஆக்கும் தொழில். பிறர் தொழிலை நடித்துப் பார்த்தல் அங்குப் பேசப்படவில்லை. அருங்காட்சியகத்தில் மாணவர் செய்வது பெரும்பாலும் நடித்தலே. அவ்வாறாயின் அவர் யாராக நடிக்கிறார் என்ற வினா எழுகிறது. அதனை ஒரு கப்பலை முன்வைத்து ஆராய்வது பயனுடையது.

கப்பலின் பிறப்பு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி நீண்டகாலம் நடந்த பிரெஞ்சுப் போர்களில் பிரித்தானியக் கடற்படைக்கு ஓக் மரம் போதவில்லை. பம்பாயில் மரமும் இருந்தது, கைத்திறனும் இருந்தது. சூரத்திலிருந்து 1736இல் பம்பாய்க்கு வந்த லவ்ஜி நுசர்வான்ஜி வாடியாவின் வழிவந்தோர் அங்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கட்டுந்துறையைத் தலைமுறைகளாக நடத்திவந்தனர். அவ்வழியில் வந்த ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா 1810இல் ‘மிண்டன்’ என்னும் பெரும்போர்க்கப்பலைக் கட்டி முடித்தார். 1813இல் ‘கார்ன்வாலிஸ்’ நீரில் இறங்கியது. சீனத்துடனான நான்கிங் உடன்படிக்கை 1842இல் கையெழுத்தானது இக்கப்பலின் மீதுதான்.

ட்ரிங்கோமலியைக் கட்டுமாறு 1812இல் ஆணை பிறந்தது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1782இல் கைப்பற்றப்பட்ட ‘எபே’ என்ற கப்பலின் வடிவத்தைப் பின்பற்றி அமைந்த ‘லீடா’ வகைப் போர்க்கப்பல் இது. வரைபடங்களை ஏற்றிக்கொண்டு பம்பாய் நோக்கிப் புறப்பட்ட ‘ஜாவா’ என்ற கப்பலை, 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரின் ‘கான்ஸ்டிடியூஷன்’ வென்றழித்தது. வரைபடங்களும் போயின. மீண்டும் படியெடுத்து அனுப்பி, 1816இல்தான் ஏரா எனப்படும் அடிக்கட்டை இடப்பட்டது. பார்சி மரபின்படி அதில் வெள்ளி ஆணி ஒன்றை ஜம்ஷெட்ஜி அறைந்தார் என்பர். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. 1819இல் அது போர்ட்ஸ்மத் சென்றடைந்தபோது நெப்போலியனுடனான போர் முடிந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. அவசரத் தேவைக்காகக் கட்டப்பெற்ற கப்பல் வேலையின்றிக் கட்டிப்போடப்பட்டது.

இந்தத் தாமதம் ஆய்வாளர்க்கு முக்கியமானது. 1847 முதல் 1857 வரையிலான பத்தாண்டுகளே இக்கப்பல் கடற்படையின் நேரடிப் பணியில் இருந்தது. அதுவும் பீரங்கிகளின் எண்ணிக்கை 26ஆகக் குறைக்கப்பட்ட பின்னரே. முதலில் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், பின்னர் பசிபிக்கிலும் அது சுற்றிவந்தது. பெரும் கடற்போர் எதிலும் அது பீரங்கி முழக்கியதில்லை.

கற்பித்தலால் பிழைத்த கப்பல்

1860களின் தொடக்கத்தில் கடற்படைச் சேமப்படையினர்க்குப் பயிற்சி அளிக்கும் கப்பலாக ட்ரிங்கோமலி மாற்றப்பட்டது. முதலில் சண்டர்லாந்திலும், பின்னர் மேற்கு ஹார்ட்டில்பூலிலும் நின்றது. இன்று அது அருங்காட்சியகமாக நிற்கும் ஊருக்கு முதன்முதலில் வந்தது இவ்வாறுதான். 1877இல் சவுதாம்ப்டனுக்குப் பெயர்ந்து பயிற்சிப் பணியைத் தொடர்ந்தது.

1897இல் உடைப்போர்க்கு விற்கப்பட்ட கப்பலை மீட்டவர் வீட்லி காப் என்ற செல்வர். அவர் ஏற்கெனவே நெல்சனின் கொடிக்கப்பலாக விளங்கிய ‘ஃபூட்ராயன்ட்’டை வாங்கிச் சிறுவர்க்குக் கடற்பயிற்சி அளிக்க முயன்றார். அக்கப்பல் 1897 ஜூன் மாதம் பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி உடைந்தது. அதன் மரத்துண்டுகளும் செம்பும் நினைவுப்பொருள்களாகச் செய்து விற்கப்பட்டன. (வரலாற்றைத் தொட்டுப் பார்க்கும் ஆவல் அன்றும் சந்தைக்கு வந்துவிட்டது.) அவ்விடத்தை நிரப்பவே ட்ரிங்கோமலி வாங்கப்பட்டு, ‘ஃபூட்ராயன்ட்’ என்ற பெயரும் அதற்கு இடப்பட்டது. ஃபால்மத்திலும், காப் மறைந்தபின் 1932 முதல் போர்ட்ஸ்மத்திலும் நின்று, 1986 வரை இளையோர் தங்கிப் பயிலும் கப்பலாக அது இயங்கியது. தூளியில் உறங்கி, தளத்தைக் கழுவி, படகு வலித்துக் கற்ற சிறுவர் சிறுமியர் பலர். 1987இல் அது ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. பல்லாண்டு நீடித்த சீரமைப்புக்கிடையில் 1992இல் பழைய பெயர் மீண்டது; பணிகள் 2001இல் நிறைவுற்றன. மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இன்று இதுவே மூத்தது.

கணக்கிட்டால், பத்தாண்டு நேரடிப் பணிக்கு எதிராக நூறாண்டுக்கும் மேற்பட்ட பயிற்சிப் பணி நிற்கிறது. அருங்காட்சியகமாவதற்கு முன்னரே இது பள்ளிக்கூடமாகிவிட்ட கப்பல். காத்துவைக்கப்பட்டதால் எஞ்சியது என்று சொல்வதைவிட, பயன்பட்டுக்கொண்டே இருந்ததால் எஞ்சியது என்று கூறுவதே பொருந்தும். இதற்கு இணையான வேறொன்றையும் சுட்டலாம். அமெரிக்காவின் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில் 1947 முதல் நிற்கும் ‘ஜோசப் கான்ராட்’, கோபன்ஹேகனில் 1882இல் ‘கேயோர்க் ஸ்டாக’ என்ற பெயரில் பயிற்சிக் கப்பலாகவே கட்டப்பெற்றது. இன்றைய செயல்வழிக் களப்பயணத்தின் மூதாதையரைத் தேடுவோர் கல்வியியல் நூல்களோடு நின்றுவிடாமல், பயிற்சிக் கப்பல்களின் தளத்திற்கும் வரவேண்டும்.

கயிறிழுக்கும் கை

பயிற்சிக் கப்பலிலிருந்து களப்பயணம் பெற்ற கொடைகள் பல. அவற்றுள் மதிக்கத்தக்கவை உண்டு. ஒரு மாணவரால் அசைக்கவியலாத பாய்க்கயிற்றைப் பதின்மர் ஒரே மூச்சில் இழுக்கும்போது அது அசைகிறது. கப்பிகளைச் சேர்த்தால் ஐவரே போதும். கப்பலுக்கு இத்தனை ஆள்கள் ஏன் வேண்டியிருந்தனர், அவர்கள் ஏன் ஒரே தாளத்தில் பாடினர், கட்டளை ஏன் சுருக்கமாக இருந்தது என்பனவற்றை எந்தப் பாடநூலும் இவ்வளவு விரைவாக விளக்கிவிடாது. தாழ்ந்த தளத்தில் குனிந்து நடந்து முதுகு வலிக்கும்போது, அத்தளத்தில் முந்நூறு பேர் உறங்கிய செய்தி எண்ணிக்கை என்ற நிலையைக் கடந்து உடலுக்குப் புலப்படுகிறது. செயல்வழிக் களப்பயணத்தை வெறும் கேளிக்கை என்று ஒதுக்குவோரோடு இக்கட்டுரை உடன்படவில்லை.

ஆயினும் அதே தளத்திலிருந்து வேறொன்றும் சேர்ந்தே வந்தது. பாய்மரக் கப்பல்களில் நடத்தப்பெறும் பள்ளிப் பயிற்சிகளில் மாணவர் கப்பலாள் ஆகிறார். வழிநடத்துவோர் அதிகாரி ஆகிறார். கட்டளை பிறக்கிறது, கை பணிகிறது. சேமப்படைக்கும் காப்பின் சிறுவர்க்கும் இந்த வடிவம் தேவையாக இருந்தது. முன்னவர்க்குப் போர்த்திறன் வேண்டும். பின்னவர்க்கு ஒழுக்கமும் மனவுறுதியும் வேண்டும் என அக்காலத்தோர் கருதினர். வரலாற்றுக் கல்வியின் தேவை வேறு. அதற்கு வேண்டியது வினவும் கை. கட்டளைக்குப் பணிந்து இழுத்த மாணவர், இழுக்க மறுத்த கப்பலாளைப் பற்றி எண்ணிப்பார்க்கும் வாய்ப்பு இவ்வடிவத்தில் குறைவு. கட்டாயமாகப் பிடித்துவரப்பட்டவர், கசையடி பெற்றவர், கப்பலைவிட்டு ஓடியவர் ஆகியோரை நடித்துக்காட்ட எந்தப் பள்ளியும் இசையாது, இசையவும் கூடாது. எஞ்சுவது உற்சாகமான கூட்டுழைப்பு மட்டுமே. அது பொய்யன்று. ஆனால் அது கப்பல் வாழ்வின் ஒரு பகுதியே என்பதைப் பயணத்தின்போதே எவரேனும் சொல்லியாக வேண்டும்.

பீரங்கிப் பயிற்சியில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. கீழறையிலிருந்து வெடிமருந்தைத் தூக்கி ஓடிய சிறுவரின் வேடம், மாணவரின் வயதுக்கு நெருக்கமானது என்பதால் இத்தகைய கப்பல்களில் விரும்பப்படுவது. பெரும்போர் காணாத ட்ரிங்கோமலி போன்ற ஒரு கப்பலின் மேல் அவ்வேடம் போடப்படும்போது, மாணவர் பழகுவது பொதுவான ‘நெல்சன் காலம்’ ஒன்றை. அக்கப்பலின் சொந்த வரலாறு அதற்குள் மறைந்துவிடுகிறது. ஹார்ட்டில்பூலில் கப்பலைச் சூழ்ந்து பதினெட்டாம் நூற்றாண்டுத் துறைமுகத் தெரு ஒன்றின் மீட்டுருவாக்கம் அமைந்திருக்கிறது. கப்பலோ பத்தொன்பதாம் நூற்றாண்டினது; பிறந்ததும் வேறொரு கண்டத்தில். காட்சிக்கு அழகு சேர்க்கும் அச்சூழல் காலத்தையும் இடத்தையும் ஓரளவு கலக்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் ஏழு முதல் பதினொரு வயது வரையிலான மாணவர்க்கு உள்ளூர் வரலாற்று ஆய்வொன்றைக் கட்டாயமாக்கியுள்ளது. மேற்கு ஹார்ட்டில்பூலில் சேமப்படையினர்க்குப் பயிற்சியளித்த ஆண்டுகள் உண்மையிலேயே அந்நகரின் உள்ளூர் வரலாறு. போரை நடிப்பதற்கு மாற்றாக, 1860களில் உள்ளூர் மீனவரும் சரக்குக்கப்பல் ஆள்களும் இதே தளத்தில் பீரங்கி பழகியதை இன்றைய மாணவர் நடித்தால், அது பயிற்சியைப் பற்றிய பயிற்சியாக அமையும். கற்பிக்கப்படுவது எவ்வாறு என்பதையே அவர் கற்கலாம்.

கைக்கு எட்டும் மரம்

கயிறு புதியது, பாய் புதியது, பாய்மரங்களின் பெரும்பகுதியும் சீரமைப்பின்போது அமைந்தவை. மாணவர் தொடுவனவற்றுள் மிகப் பழமையானது அவர் கவனியாமல் மிதித்து நடக்கும் கப்பலின் உடல். அதில் மூலத் தேக்கு பெருமளவு எஞ்சியிருக்கிறது. களப்பயணத்தில் தொடப்படும் ஒரே முதன்மைச் சான்று அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

அத்தேக்கு எஞ்சியது தற்செயலன்று. ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பாணியை அரிக்கும். அரித்த இரும்பு மீண்டும் மரத்தைக் கெடுக்கும். தேக்கின் எண்ணெய் இரும்பைக் காக்கும். காப்பின் பொறுப்பில் ஃபூட்ராயன்ட் என்ற பெயர் பூண்ட இக்கப்பலோடு ‘இம்ப்ளாகபிள்’ என்ற வேறொரு கப்பலும் இருந்தது. அது பிரெஞ்சுக்காரர் கட்டி, டிரஃபல்கருக்குப் பின் 1805இல் பிடிபட்டது. டிரஃபல்கரைக் கண்ட அக்கப்பலைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்போர் இன்றி, 1949 டிசம்பரில் வெடிவைத்துக் கடலில் மூழ்கடித்தனர். பெரும்போர் கண்ட கப்பல் மூழ்க, போர் காணாத கப்பல் மிதந்தது. இரண்டின் பருமனும் பழுதின் அளவும் வேறு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மரத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடவும் இயலாது. இன்றைய மாணவர் ஏறி நிற்பதற்கு ஒரு தளம் இருப்பதே மலபார்க் காடுகளால்தான்.

அக்காடுகளின் வரலாறு களப்பயணத்தின் எந்த வேடத்திலும் இடம்பெறுவதில்லை. 1806ஆம் ஆண்டு இறுதியில் கேப்டன் வாட்சன் என்பவரைக் கம்பெனி மலபார்க் காடுகளின் காப்பாளராக அமர்த்தியது. ‘காப்பு’ என்பது இங்குக் கப்பலுக்காகக் காத்தல் என்று பொருள்படும். அடுத்த ஆண்டே தேக்கின்மீது கம்பெனிக்கு முற்றுரிமை உண்டென அறிவிக்கப்பட்டது. காட்டுடைமையாளர் தம் மரத்தைத் தாமே வெட்டவியலாத நிலையும், குடியானவர் வழக்கமாக எடுத்துவந்த மரத்துக்குத் தடையும் ஏற்பட்டன. வணிகரும் முறையிட்டனர். மலபார் அந்நாளில் சென்னை மாகாணத்தின் பகுதி. ஆளுநர் தாமஸ் மன்றோ காலத்தில், 1823இல்தான் இக்காப்பாளர் பதவி ஒழிக்கப்பட்டது. ட்ரிங்கோமலியின் ஏரா இடப்பட்டதும் அது நீரில் இறங்கியதும் முற்றுரிமை நடப்பிலிருந்த அந்த ஆண்டுகளுக்குள் அடங்குகின்றன. கப்பலின் ஒவ்வொரு பலகையும் இந்த ஏற்பாட்டின் வழியே கடலுக்கு வந்தது. யானைகள் ஆற்றங்கரைக்கு இழுத்த மரம், வெள்ளத்தில் மிதந்து கடற்கரை மரக்கிடங்கு சேர்ந்த மரம், வாய்ச்சியால் செதுக்கப்பட்டுக் கலப்பத்து இடப்பட்ட மரம் என்று பார்க்கும்போது, கப்பலாளின் கைக்கு முன்னர் எத்தனை கைகள் அதன்மேல் பட்டன என்பது விளங்கும். அவற்றுள் பெயர் எஞ்சியது தலைமைக் கட்டுநருக்கு மட்டுமே. ஓடாவியரும் மரம் வெட்டியோரும் பாகரும் பெயரின்றி நிற்கின்றனர்.

இதனைச் சுட்டுவது ஹார்ட்டில்பூல் அருங்காட்சியகம் பம்பாயை மறைக்கிறது என்று குற்றஞ்சாட்டுவதாகாது. கப்பல் எங்குக் கட்டப்பெற்றது என்பதும் வாடியா குடும்பத்தின் பெயரும் வெளிப்படையாகவே சொல்லப்படுகின்றன. சொல்லப்படுவதற்கும் செய்யப்படுவதற்கும் இடையிலுள்ள இடைவெளியே இங்குக் கருதத்தக்கது. பம்பாய் பெயர்ப்பலகையில் இருக்கிறது. கப்பலாள் மாணவரின் கையில் இருக்கிறார். களப்பயணம் முடிந்து பேருந்தில் திரும்பும் பத்து வயதுச் சிறுமியிடம் எது தங்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பெயரின் நிலையும் இதுவே. கோணேசர் கோயில் கொண்ட திருக்கோணமலை ஐரோப்பியர் நாவில் திரிந்து ‘ட்ரிங்கோமலி’ ஆனது. 1782இல் அத்துறைமுகத்தைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும், அதே ஆண்டு செப்டம்பரில் அதன் கடலில் பிரித்தானிய, பிரெஞ்சுக் கடற்படைகள் மோதியதும், 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து அது பிரித்தானியர் கைக்குச் சென்றதும் வரலாறு. வடகடல் ஓரத்து ஊரொன்றில் இப்பெயரை நாள்தோறும் சொல்லும் மாணவர், அது ஒரு மலையின் பெயர், அங்கு இன்றும் மக்கள் வாழ்கின்றனர் என்று அறிய அரை நாழிகையும் ஒரு நிலப்படமும் போதும்.

தச்சரின் பக்கம்

கப்பலாள் வேடத்தை நீக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கையன்று. அதன் அருகில் தச்சரின் வேலைக்கும் இடமளிக்கலாம். ஆதாரக் கல்வி கேட்டதைப் போல அது நடிப்பாக இல்லாமல் உண்மை வேலையாகவே அமையக்கூடும். களப்பயணத்திற்குச் சில வாரங்கள் முன்பு, வகுப்பறையில் ஓக் துண்டொன்றிலும் தேக்குத் துண்டொன்றிலும் இரும்பாணி அறைந்து, இரண்டையும் உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றிவைக்கலாம். ஓக்கில் ஆணியைச் சுற்றிக் கருமை படரும். தேக்கில் அவ்வளவு படராது. இரு துண்டுகளையும் மாணவர் கப்பலுக்கு எடுத்துச் சென்று, தளத்தின் பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இத்தகைய மரம் இங்கிலாந்தில் விளையாதே, இது எங்கிருந்து வந்தது என்று அவர்களே கேட்கும் கட்டத்தில்தான் வாட்சனின் அறிவிப்பையும் வணிகரின் முறையீட்டையும் எடுத்துவைக்க வேண்டும்.

அதற்கான மூலங்களில் ஒரு பகுதி நமக்கு அருகிலேயே உள்ளது. மலபாரை ஆண்ட சென்னை மாகாண வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1806 முதல் 1823 வரையிலான தொகுதிகளில் தேக்கு தொடர்பான கடிதங்களைத் தேர்ந்து, பத்து வயது மாணவர் படிக்கும் எளிய மொழியில், கப்பலின் ஆண்டுகளோடு பொருத்தித் தொகுக்கும் பணி ஒரு முனைவர் பட்ட ஆய்வாளருக்குக் கைக்கடக்கமானதே. அப்பணியில் இக்கட்டுரையாளர் ஈடுபட்டுள்ளார்.